ஒரே மாத்திரை எல்லாப் புழுவுக்கும் போதுமா?

வாசகர் கேள்விகள் – மருத்துவர் பதில்கள்

குடற்புழு, அமீபா, சிரங்கு, பேன் என ஒட்டுண்ணிகளைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வேண்டுகோளில் முடிந்திருந்தன: ‘நல்ல பூச்சி மாத்திரையாக ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள்.’ பெயரை மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள முடியவில்லை. உடலில் இருப்பது எந்த ஒட்டுண்ணி, அது எந்த வழியாக உள்ளே வந்தது, இப்போது முட்டையாக இருக்கிறதா வளர்ந்த புழுவாக இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் மருந்தையும் அதன் அளவையும் அதைக் கொடுக்கும் நாளையும் முடிவு செய்ய முடியும். இங்கே குறிப்பிடும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வயது, எடை, மற்ற நோய்கள் ஆகியவற்றை அறிந்த மருத்துவரின் சொல்லே உங்களுக்கு இறுதியானது.

கேள்வி: என் ஆறு வயது மகள் இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு தூங்காமல் அழுகிறாள். அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று கொடுத்ததும் நின்றது. இரண்டு மாதத்தில் மறுபடியும் தொடங்கிவிட்டது. மலப் பரிசோதனையில் புழு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். என்ன தவறு செய்கிறேன்?

பதில்: முதலில், இது உங்கள் கவனக்குறைவால் வந்தது அல்ல. இரவு நேர அரிப்பு என்றாலே முதலில் நினைக்க வேண்டியது கீரிப்பூச்சி எனப்படும் ஊசிப்புழுவைத்தான். குழந்தைகள் கூடும் இடங்களில் எல்லாம் அது பரவும். பெண் புழு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல்துண்டு போல இருக்கும். பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் வாழும் அது, முட்டைகள் முற்றியதும் குழந்தை தூங்கிய பிறகு ஆசனவாய்க்கு வெளியே வந்து, சுற்றியுள்ள தோல் மடிப்புகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை ஒட்டிவிட்டு மடிந்துவிடுகிறது. முட்டைகள் மலத்தில் கலப்பதில்லை, தோலில்தான் இருக்கின்றன என்பதால் மலப் பரிசோதனையில் இந்தப் புழு பெரும்பாலும் அகப்படுவதில்லை.

இதற்கென்றே எளிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. காலையில் குழந்தை எழுந்தவுடன், மலம் கழிப்பதற்கும் கழுவுவதற்கும் முன்பாக, நிறமற்ற டேப் ஒன்றின் ஒட்டும் பக்கத்தை ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் மெதுவாக அழுத்தி எடுத்து, ஆய்வகத்தில் தரும் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் இருக்கும் முட்டைகள் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். ஒரு நாள் எடுத்துத் தெரியாவிட்டாலும், தொடர்ந்து மூன்று காலைகள் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். குழந்தை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், சில வேளைகளில் புழு நெளிவதையே கண்ணால் காணலாம்.

மாத்திரை கொடுத்தும் திரும்பி வருவதற்குக் காரணம், மருந்து புழுவைக் கொல்கிறதே தவிர முட்டைகளை முழுமையாக அழிப்பதில்லை என்பதுதான். தோலில் இடப்பட்ட முட்டை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் தொற்றும் நிலையை அடைந்துவிடுகிறது. சொறிந்த விரலின் நகத்தடியில் புகுந்து வாய்க்குப் போகிறது. படுக்கை விரிப்பிலும் உள்ளாடையிலும் பொம்மையிலும் ஒட்டி, இரண்டு மூன்று வாரம் வரைகூட உயிருடன் இருக்கிறது. ஆகவே முதல் மாத்திரை கொடுத்த இரண்டு வாரம் கழித்து இரண்டாவது மாத்திரை கட்டாயம் கொடுக்க வேண்டும். முதல் நாளில் முட்டையாக இருந்தவை அதற்குள் புழுவாகியிருக்கும், ஆனால் முட்டையிடத் தொடங்கியிருக்காது. அந்த இடைவெளியில்தான் சங்கிலியை அறுக்க முடியும். வீட்டில் உள்ள எல்லோரும், அரிப்பு இல்லாதவர்களும், இதே இரண்டு நாட்களில் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளும் இருந்தால் அவர்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். மருந்து கொடுத்த மறுநாள் காலையில் விரிப்புகளை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவைத்து, குழந்தையைக் காலையிலேயே குளிப்பாட்டி, உள்ளாடையைத் தினமும் மாற்றி, நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். பெண் குழந்தைகளுக்கு இந்தப் புழு சில வேளைகளில் பிறப்புறுப்புப் பக்கம் நகர்ந்து எரிச்சலையும் வெள்ளைப்படுதலையும் உண்டாக்கும் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல மறக்க வேண்டாம்.

கேள்வி: இனிப்பு அதிகம் சாப்பிட்டால் வயிற்றில் பூச்சி வருமா? தூக்கத்தில் பல்லைக் கடித்தால் பூச்சி இருக்கிறது என்று பொருளா?

பதில்: இரண்டும் இல்லை. முட்டையோ குஞ்சுப்புழுவோ வெளியிலிருந்து உடலுக்குள் நுழையாமல் புழு உண்டாகாது. இனிப்பினால் புழு பிறக்காது. பல்லைக் கடிப்பதற்கும் குடற்புழுவுக்கும் தொடர்பு இருப்பதாக நிறுவப்படவில்லை. இந்த இரண்டையும் வைத்து மாதாமாதம் மாத்திரை கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

கேள்வி: என் மகனின் மலத்தில் ஒரு அடி நீளத்தில் மண்புழு போன்ற புழு ஒன்று வந்தது. மிரண்டுவிட்டோம். அவனிடமிருந்து தங்கைக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: நீங்கள் சொல்லும் நீளமும் உருவமும் உருளைப்புழுவுடையவை. பெண் புழு 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளரும். நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் முட்டைகள் இடும். இருந்தும் கீரிப்பூச்சி ஒட்டுவதுபோல இது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரடியாக ஒட்டாது. மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து முதிர்ந்தால்தான் தொற்றும். அந்த மண் கையிலோ கழுவாத காய்கறியிலோ ஒட்டி வாய்க்குள் போகிறது. எனவே அண்ணனைத் தங்கையிடமிருந்து பிரித்து வைக்க வேண்டாம். அவள் விளையாடும் மண்ணும் அதே மண்தான் என்பதால் அவளுடைய மலத்தையும் சோதித்துப் பாருங்கள்.

இந்தப் புழு உடலுக்குள் போகும் பாதை வியப்பானது. குடலில் பொரிந்த குஞ்சுப்புழு குடல் சுவரைத் துளைத்து, கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாய் ஏறித் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு மறுபடியும் குடலுக்கே வந்து சேர்கிறது. 1922-இல் ஜப்பானிய மருத்துவர் கொய்னோ, 2,000 முட்டைகளைத் தாமே விழுங்கி, பின்னர் தம்முடைய சளியிலேயே குஞ்சுப்புழுக்களைக் கண்டறிந்து, மனித உடலில் நடக்கும் இந்தப் பயணத்தை உறுதிப்படுத்தினார். சில குழந்தைகளுக்குப் புழு தெரிவதற்குச் சில வாரங்கள் முன்பு காரணம் புரியாத இருமலும் இளைப்பும் வருவது இந்தப் பயணத்தால்தான். முட்டை வாய்க்குள் போனதிலிருந்து புழு முட்டையிடும் வரை இரண்டு மூன்று மாதம் ஆகும்.

அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை கொடுத்தால் இந்தப் புழு பெரும்பாலானவர்களுக்கு நீங்கிவிடும். அடுத்த சில நாட்களில் மேலும் சில புழுக்கள் மலத்தோடு வரலாம், அது மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளமே. வந்த புழுவை ஒரு பாட்டிலில் போட்டு மருத்துவரிடம் காட்டினால் ஐயமே இருக்காது. ஆனால் குழந்தைக்கு வயிறு உப்பி, விட்டுவிட்டுக் கடுமையாக வலித்து, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் இருந்தால், புழுக்கள் திரண்டு குடலை அடைத்திருக்கக்கூடும். அப்போது வீட்டில் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: நான் வெறுங்காலோடு வயல் வேலை செய்பவன். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் கொஞ்சம் ஏறுகிறது, நிறுத்தினால் இறங்கிவிடுகிறது. ரத்தப்போக்கு எதுவும் இல்லை.

பதில்: கண்ணுக்குத் தெரியும் ரத்தப்போக்கு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கொக்கிப்புழு இருந்தால் ரத்தம் கண்ணுக்குத் தெரியாமலே போகும். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தப் புழு சிறுகுடலின் உட்சுவரைக் கவ்வி ரத்தம் உறிஞ்சுகிறது. மனிதரைத் தொற்றும் இரண்டு முக்கிய வகைகளில் பெரிய வகையைச் சேர்ந்த ஒரு புழு நாளொன்றுக்கு 0.2 மில்லிலிட்டர் வரை ரத்தத்தை இழக்கச் செய்யும். நூறு புழுக்கள் இருந்தால் 20 மில்லிலிட்டர். அந்த அளவு நல்ல ரத்தத்தில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் குடலோ உணவிலிருந்து ஒரு நாளில் ஒன்று இரண்டு மில்லிகிராம் இரும்பைத்தான் பொதுவாக ஈர்க்கிறது. மாத்திரையை நிறுத்தியதும் ரத்தம் இறங்குவதற்கு இந்தக் கணக்கே போதும்.

புழு வந்த வழி உங்கள் பாதம். மண்ணில் பொரிந்த குஞ்சுப்புழு, விரலிடுக்கின் மென்மையான தோலைத் துளைத்து உள்ளே போகிறது. அந்த இடத்தில் சில நாட்கள் அரிப்பும் சிறு கொப்புளமும் இருந்து மறைந்துவிடும். தோல் வழியாக இது நுழைகிறது என்பதைக் கண்டறிந்தவர் கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ். குஞ்சுப்புழுக்கள் நிறைந்த நீர் தற்செயலாகக் கையில் சிந்தி, அந்த இடம் அரித்துச் சிவந்து, சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழுவின் முட்டைகள் தென்பட்டன.

மலப் பரிசோதனை செய்து, முட்டை இருந்தால் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் எடுத்துக்கொண்டு, அதன் பிறகும் இரும்பு மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் தொடருங்கள். புழு போனாலும், இழந்த இரும்பு தானாகத் திரும்பாது. உடலில் இருப்பு நிரம்ப அவ்வளவு காலம் ஆகும். வயலில் காலணி அணிய முடியாத வேலைகள் உண்டு என்பதை அறிவேன். அப்படியானால் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ பரிசோதித்துக்கொள்வது அவசியம். புழு இல்லை என்று வந்தால், ரத்தசோகைக்கு வேறு காரணத்தைத் தேடியே ஆக வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: வயிறு சரியில்லாமல் பரிசோதித்ததில் ‘அமீபா கூடுகள் உள்ளன’ என்று வந்தது. மெட்ரோனிடசோல் மூன்று முறை சாப்பிட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதே முடிவு வருகிறது.

பதில்: இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. சீதபேதியை உண்டாக்கும் அமீபாவும், எந்தத் தீங்கும் செய்யாமல் குடலில் வாழும் அதன் நெருங்கிய உறவான மற்றோர் அமீபாவும், உறை மூடிய கூடாக இருக்கும் நிலையில் நுண்ணோக்கிக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆகவே உங்களிடம் இருப்பது மருந்தே தேவைப்படாத வகையாக இருக்கலாம். மலத்தில் அமீபாவின் புரதத்தையோ மரபணுவையோ தேடும் பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்டும். இரண்டாவது, அது தீங்கு செய்யும் வகையாகவே இருந்தாலும், மெட்ரோனிடசோல் திசுக்களுக்குள் புகுந்த அமீபாவைத்தான் நன்றாகக் கொல்கிறது. குடலுக்குள் தங்கியிருக்கும் கூடுகளை முழுமையாக நீக்க, அதன் பிறகு டைலாக்சனைட் அல்லது பாரமோமைசின் போன்ற மருந்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் முதல் மருந்தையே திரும்பத் திரும்பத் தருவதில் பயனில்லை. காய்ச்சலும் வலது விலா அடியில் வலியும் வந்தால், பேதி இல்லாவிட்டாலும், கல்லீரலில் சீழ்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில், மலம் எண்ணெய்ப்பசையோடு நாற்றமடித்து மிதக்கிறது, வயிறு உப்புகிறது, ஏப்பம் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவை அமீபாவைவிட, குடலில் வாழும் ஜியார்டியா என்ற மற்றொரு நுண்ணுயிருக்கே பொருந்தும். அது மலத்தில் தினமும் வெளிப்படாததால் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகள் கொடுப்பது நல்லது. அதற்கு டினிடசோல் 2 கிராம் ஒரே வேளையாகக் கொடுக்கப்படுகிறது. குணமான பிறகும் சில வாரம் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதை நோய் திரும்பியதாக நினைத்து மறுபடியும் மருந்து சாப்பிட வேண்டாம். குடிநீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்தால் இந்தக் கூடுகள் அழிந்துவிடும். குளோரினை மட்டும் நம்ப முடியாது.

கேள்வி: குடும்பத்தில் எல்லோருக்கும் சிரங்கு. பெர்மெத்ரின் களிம்பு பூசி பத்து நாளாகியும் அரிப்பு நிற்கவில்லை. மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: பெரும்பாலும் வேலை செய்திருக்கும். அரிப்பு என்பது தோலுக்குள் வளை தோண்டி வாழும் சிறு உண்ணியையும் அதன் முட்டை, கழிவுகளையும் எதிர்த்து உடல் காட்டும் ஒவ்வாமை. உண்ணி செத்த பிறகும் அந்த மிச்சங்கள் தோலோடு உதிர்ந்து போக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல்முறை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால், அரிப்பில்லாதவரும் அதே நாளில் களிம்பு பூசிக்கொள்ள வேண்டும். ஐந்து சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, தொப்புள், அக்குள், நகத்தடி, பிறப்புறுப்பு எதையும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளித்து, ஒரு வாரத்தில் மீண்டும் ஒரு முறை பூச வேண்டும். அரிக்கும் இடத்தில் மட்டும் பூசியவர்களுக்கும், இரவில் கை கழுவிய பின் கையில் மறுபடி பூசாதவர்களுக்கும்தான் இது பெரும்பாலும் திரும்பி வருகிறது. நான்கு வாரத்துக்குப் பிறகும் புதிய கொப்புளங்களோ, விரலிடுக்கில் சாம்பல் நிறத்தில் நெளிந்த சிறு கோடுகளோ தெரிந்தால், மருத்துவரிடம் மறுபடியும் காட்டுங்கள்.

கேள்வி: பேன் மருந்து போட்டும் பத்து நாளில் பேன் வந்துவிடுகிறது. மொட்டை அடிப்பதுதான் வழியா?

பதில்: தேவையில்லை. பேனின் முட்டைகளான ஈர்கள் பொரிய ஏழு முதல் பத்து நாள் ஆகும். பல மருந்துகள் ஈரைக் கொல்வதில்லை. ஒன்பதாவது நாளில் மருந்தை இன்னொரு முறை போட்டு, இடைப்பட்ட நாட்களில் ஈரத் தலையை ஈருளியால் வாரி எடுங்கள்.

கேள்வி: நான் பிறந்ததிலிருந்து இறைச்சி தொட்டதில்லை. வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்ததில், மூளையில் நாடாப்புழுவின் கட்டி என்கிறார்கள். பன்றி இறைச்சியில் வருவது எனக்கு எப்படி வந்தது?

பதில்: நியாயமான கேள்வி. சரியாக வேகாத பன்றி இறைச்சியில் உள்ள நீர்க்கட்டிகளைத் தின்பவருக்கு வருவது குடலில் வாழும் நாடாப்புழு. அந்தப் புழுவைக் குடலில் வைத்திருப்பவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறுகின்றன. சரியாகக் கை கழுவாமல் அவர் தொட்ட உணவிலோ, மலம் கலந்த நீரிலோ உள்ள முட்டையை விழுங்குகிறவருக்குத்தான், குஞ்சுகள் ரத்தத்தில் கலந்து மூளையிலும் தசையிலும் கண்ணிலும் கட்டியாகின்றன. இந்தத் தொற்றுக்கு இறைச்சி உண்ண வேண்டியதில்லை. ஆகவே இதை உங்கள் உணவு ஒழுக்கத்தின் மீதான ஐயமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு நீங்களாகப் பூச்சி மாத்திரை சாப்பிடுவது ஆபத்து. கட்டிக்குள் இருக்கும் புழு திடீரென்று சாகும்போது சுற்றியுள்ள மூளைத் திசு வீங்கி, வலிப்பு கூடலாம். முதலில் வலிப்பைக் கட்டுப்படுத்தி, கண்ணுக்குள் கட்டி இல்லை என்று உறுதி செய்து, வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு கொடுத்து, அதனோடுதான் அல்பெண்டசோலைத் தொடங்குவார்கள். ஏற்கெனவே சுண்ணாம்பாக இறுகிவிட்ட கட்டிக்குப் புழு மருந்தே தேவைப்படாது, வலிப்பு மருந்து மட்டும் போதும். உங்களோடு வசிப்பவர்களின் மலத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் அறியாமலே நாடாப்புழுவைச் சுமந்துகொண்டிருக்கலாம், அது எளிதில் குணப்படுத்தக்கூடியது.

கேள்வி: ‘ஒட்டுண்ணிகளை வெளியேற்றும் மூலிகைத் தொகுப்பு’ ஒன்றைச் சாப்பிட்டதில் கயிறு கயிறாக நீண்ட புழுக்கள் வந்தன. இத்தனை நாள் இவை என் வயிற்றில் இருந்தனவா?

பதில்: அவை புழுக்களாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இத்தகைய தொகுப்புகளில் பேதி மருந்தும் நீரை உறிஞ்சித் திரளும் நாரும் சேர்ந்திருப்பது வழக்கம். அந்த நார் குடலின் சளியோடு சேர்ந்து கயிறாக வெளியேறுகிறது. மருந்து சாப்பிடும் வரை கயிறு வரும், நிறுத்தினால் வராது. ஐயம் தீர ஒரு துண்டை ஆய்வகத்தில் கொடுங்கள். உண்மையான புழுவின் உடலமைப்பு நுண்ணோக்கியில் மறைக்க முடியாதது. தொடர் பேதியால் உப்புச்சத்து குறைந்து மயங்கி விழுபவர்கள் இருக்கிறார்கள், ஆகவே இப்போதே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கும்போது பூச்சி மாத்திரை எடுக்கலாமா?

பதில்: முதல் மூன்று மாதங்களில் அல்பெண்டசோல் கூடாது. அதன் பிறகு, தேவை இருந்தால், மகப்பேறு மருத்துவர் சொல்லி எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சிறுநீரக நோய்க்கு எனக்கு நீண்டகால ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கப் போகிறார்கள். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு பல ஆண்டுகளாகவே அதிகம். அவ்வப்போது இடுப்பிலும் தொடையிலும் வேகமாக நகரும் அரிப்புக் கோடு வந்து போகும். இதைச் சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம், முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். அதிகமான ஈசினோஃபிலும் நகரும் அரிப்புக் கோடும் சேர்ந்தால் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற சிறு புழுவை நினைத்தே ஆக வேண்டும். கொக்கிப்புழுவைப் போலத் தோல் வழியாக நுழையும் இது, பெரும்பாலான குடற்புழுக்கள் செய்யாத ஒன்றைச் செய்கிறது: குடலுக்குள் பொரிந்த குஞ்சுகள் வெளியே போகாமல் அதே உடலை மறுபடியும் தொற்றுகின்றன. அதனால் மண்ணைத் தொடாவிட்டாலும் இது பல பத்தாண்டுகள் நீடிக்கும். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவில் போர்க்கைதிகளாக இருந்தவர்களின் உடலில், நாடு திரும்பி வெகுகாலம் கழித்தும் இந்தப் புழு இருந்தது.

நோய் எதிர்ப்பாற்றல் அடக்கி வைத்திருக்கும் வரை இது பெரிதாகத் தொல்லை தராது. ஸ்டீராய்டு அந்த ஆற்றலைக் குறைக்கும்போது புழு கட்டுக்கடங்காமல் பெருகி, குடல் கிருமிகளையும் ரத்தத்துக்குள் இழுத்துச் சென்று உயிரையே பறிக்கக்கூடும். ஒரு மலப் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் நம்பிவிட வேண்டாம். இது எளிதில் தப்பிவிடும். ரத்தத்தில் எதிர்ப்புரதம் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். இதற்கு உரிய மருந்து ஐவர்மெக்டின், ஒரு கிலோ எடைக்கு 200 மைக்ரோகிராம் வீதம். வழக்கமான ஒற்றை அல்பெண்டசோல் போதாது. ஸ்டீராய்டை உடனே தொடங்க வேண்டிய நிலை இருந்தால், முடிவு வரும் வரை காத்திராமல் ஐவர்மெக்டினை முன்கூட்டியே கொடுப்பதும் உண்டு. இதைப் படிப்பதற்குள் ஸ்டீராய்டு தொடங்கியிருந்தால், அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்; உங்கள் பழைய ரத்த அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு, அரிப்புக் கோடு மறுபடி வந்தால் அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, அதே மருத்துவரை இந்த வாரமே பாருங்கள்.